குரல் ஏறாத அலை

பதினோரு மணிக்கு மதகு திறக்க வேண்டும். இரண்டு நாளாக ஊருக்குத் தண்ணீர் இல்லை. நீரேற்று நிலையத்துப் பொறியாளரின் தொலைபேசி காலையிலிருந்து ஓயவில்லை. வாங்கிய ஏச்சில் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சுரங்கக் கால்வாயில சேறு வாரப் போன ஒம்பது பேரும் வெளிய வந்து கையெழுத்துப் போட்டாச்சு" என்று ரேடியோ அறைக்குள் வந்து சொன்னார். மேசைத் தொலைபேசியை எடுத்து மதகுக்காரரிடம், "ஒரு சாண் மட்டும் தூக்குங்க. அப்புறம் மெல்ல மெல்ல" என்றார்.

ரேடியோக்களைப் பழுது பார்ப்பவள் தலையாட்டினாள். அந்த நிலையத்தின் கை ரேடியோக்கள் எல்லாம் அவள் பொறுப்பு. மேசைமேல் இருந்த பெரிய ரேடியோவும் அப்படித்தான். அதில் ஒரு பச்சை விளக்கு உண்டு. எங்கிருந்தாவது அலை வந்தால் எரியும்.

அப்போது அது எரிந்தது. குரல் வரவில்லை. அணைந்தது. மறுபடி எரிந்தது.

"பக்கத்துல ஏதாவது மோட்டார் ஓடும்" என்றார் பொறியாளர்.

"மோட்டார்னா கன்னாபின்னான்னு மினுக்கும் சார். இது யாரோ பொத்தானை அழுத்தி அழுத்தி விடுற மாதிரி இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. காலையில் அவளுடைய அக்கா புருஷன் தன் ரேடியோவைக் கொண்டுவந்து நீட்டியிருந்தார். சேறு வாரும் கூட்டத்தில் அவரும் ஒருவர். வாய் ஓயாத மனிதர். "கை தவறிக் கீழ விழுந்துடுச்சு, ஒரு பார்வை பாரும்மா" என்றார். அவளும் அதை மீட்டரில் மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். முள் நான்கு வாட்டில் நின்றது. "நல்லாத்தான் இருக்கு மாமா, கொண்டு போங்க" என்று அனுப்பிவிட்டாள்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது பாதியைத்தான் சொன்னது. பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு சுற்று அலையை உண்டாக்கும். அடுத்தடுத்த சுற்றுகள் அதற்கு வலுவேற்றி ஆன்டெனாவுக்குத் தள்ளும். மீட்டர் அளப்பது அந்த வலுவை மட்டுமே. பேச்சு வருவது வேறு வழி. மைக்கிலிருந்து வரும் குரல் அந்த அலையின் துடிப்பைக் கூட்டியும் குறைத்தும் அசைக்க வேண்டும். விழுந்ததில் மைக்கின் கம்பி விட்டுப்போயிருந்தால் அலை முழுப் பலத்தோடு கிளம்பும், குரல் ஏறாத வெறும் வண்டியாக. அவள் அந்த ரேடியோவில் ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்க்கவில்லை.

"சார், மதகை நிறுத்துங்க. உள்ள ஆள் இருக்கு."

"கையெழுத்து இருக்கேம்மா!"

"கையெழுத்து பொத்தானை அழுத்தாது சார்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் மேசை மைக்கைப் பிடித்துவிட்டாள். "நான் பேசறது கேக்குதா? கேட்டா மூணு தடவை அழுத்துங்க."

விளக்கு எரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பொறியாளர் தொலைபேசியின் மேல் பாய்ந்தார். "மூடுங்க! உடனே மூடுங்க!" அந்தப் பக்கம் மதகுக்காரர் ஏதோ சொல்ல, அவர் அவளிடம் திரும்பினார். "மூட நாலு நிமிஷம் ஆகுமாம். தண்ணி ஏற்கெனவே போயிட்டிருக்கு."

"ஆமான்னா ஒரு தடவை, இல்லைன்னா ரெண்டு தடவை" என்றாள் அவள் மைக்கில். "மாமாவா?"

ஒன்று.

"நடக்க முடியுமா?"

இரண்டு.

சுரங்கக் கால்வாய் நெடுக, மேலே தரைவரை திறக்கும் ஐந்து காற்றுக்குழிகள் இருந்தன. அலை இவ்வளவு தெளிவாக வெளியே வருகிறதென்றால் அவர் ஏதோ ஒரு குழிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். "தலைக்கு மேல குழி நம்பர் தெரியுதா? நம்பர் எத்தனையோ அத்தனை தடவை அழுத்துங்க."

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது முறை விளக்கு லேசாகத் துடித்து அணைந்தது. அவ்வளவுதான்.

"மூணா, நாலா?" பொறியாளர் மேசைமேல் குனிந்தார்.

கேட்பதற்குத் துளி மின்சாரம் போதும். அலையை வலுவாக்கி வெளியே தள்ளத்தான் பேட்டரி உறிஞ்சப்படும். பேட்டரி உயிரை விடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. "மாமா, இனிமே அழுத்தாதீங்க. நாலுதான்னு எடுத்துக்கறேன். தப்புன்னா மட்டும் ஒரு தடவை அழுத்துங்க."

இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நொடிகள். விளக்கு எரியவில்லை. தப்பில்லை என்பதாலா, பேட்டரி தீர்ந்துபோனதாலா என்று சொல்ல யாருமில்லை.

"நாலாவது குழிக்கு ஆறு பேர் போங்க. மூணாவதுக்கும் ரெண்டு பேர் ஓடுங்க" என்று பொறியாளர் வெளியே கத்திக்கொண்டே தானும் ஓடினார். அவள் மைக்கை விடவில்லை. "வந்துட்டே இருக்காங்க மாமா. எதையாவது பிடிச்சுக்குங்க. நான் இங்கதான் இருக்கேன்." அவர் காதில் விழுகிறதா என்று தெரியாமலேயே அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாலாவது குழிதான். கையெழுத்துப் போட்டபின், விட்டுப்போன மண்வெட்டியை எடுக்கத் திரும்ப உள்ளே போனவரின் கால் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியிருந்தது. கயிற்றோடு இறங்கியவர்கள் பார்த்தபோது தண்ணீர் அவர் மார்புக்கு வந்திருந்தது. மேலே தூக்கிக் கிடத்தியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மொதல்ல ரேடியோவுல தொண்டை கிழியக் கத்தினேனே, ஒருத்தனுக்கும் காது இல்லையா?"

ஆம்புலன்ஸ் போனபின் அவள் பொறியாளரிடம் போய் நின்றாள். "தப்பு என்மேல சார். பவரை மட்டும் பார்த்தேன். பேசிப் பார்க்கல."

அவர் சகதி அப்பிய சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார். "நான் தலையை எண்ணல, கையெழுத்தைத்தான் எண்ணினேன்" என்றார். "ரெண்டு தப்பையும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்போம்."

மருத்துவமனையில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே, அவள் அக்காவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு" என்றாள்.