காய்ந்தால் வெளுக்கும்

பெயின்ட் கடையில் அவருக்குக் கலர் டாக்டர் என்று பெயர். எந்தச் சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து நீட்டினாலும், அதே நிறத்தை டப்பாவில் கலக்கிக் கொடுத்துவிடுவார். கடைக்கு இயந்திரம் வந்த பிறகும், அது கலக்கியதைக் குச்சியால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்து, "இன்னும் ஒரு சொட்டு மஞ்சள்" என்று அவர் சொன்னால்தான் முதலாளிக்கு நிம்மதி.

அப்படிப்பட்ட மனிதர் சில மாதங்களாக வீட்டு முன்னறையில், ஜன்னலோரம் போட்ட பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கதிர்வீச்சுக் கொடுத்துக் கரைத்தார்கள். கட்டி போனது. போகும்போது நாக்கின் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதை வாயில் போட்டாலும் நனைந்த சாக்பீஸைத் தின்பதுபோல் இருக்கிறது என்பார். "ருசி திரும்பி வரும், எப்போது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ருசி இல்லாததால் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாடு இறங்காததால் எடை இறங்கிக்கொண்டே போனது.

கடைசியாகப் போனபோது டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். "அடுத்த தடவை எடை இதைவிடக் குறைந்திருந்தால், மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டியிருக்கும்."

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரருக்கு அந்தக் குழாயைப் போட்டதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "அது மட்டும் வேண்டாம்" என்றார். ஏதோ அதை முடிவு செய்கிற அதிகாரம் அவள் கையில் இருப்பதுபோல் சொன்னார். அவளும், இருப்பதுபோலவே தலையாட்டினாள்.

அவள் வீட்டிலேயே தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொக்கி வைத்துக் கொடுப்பவள். காலையிலிருந்து ஊசியும் நூலும், நடுநடுவே அடுப்பும். பால் கஞ்சி வைப்பாள். காய்களை வேகவைத்துக் கூழாக்கி வடிகட்டுவாள். அவர் கண்ணில் நீர் முட்ட, கிண்ணத்தில் பாதியை எப்படியோ விழுங்குவார். மீதிப் பாதியை எடுத்துப் போகும்போது அவள் மனதில் கடவுளோடு ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். என்றைக்கும் கடவுள் பதில் பேசியதில்லை. அவளும் கேட்பதை விட்டதில்லை.

ஒருநாள் மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"எல்லா ருசியும் மறந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

"எது?"

"பொருட்காட்சியில வாங்கினோமே, பஞ்சுமிட்டாய். பாதி ரோஸ், பாதி நீலம். நீ மூஞ்சியெல்லாம் ஒட்டிக்கிட்டு நின்னியே."

"நானா ஒட்டிக்கிட்டேன்? நீங்க ராட்டினத்துல தலை சுத்தி இறங்கி, என் மேல சாஞ்சு, மிட்டாயை என் தலைமுடியில அப்பினீங்க. வீட்டுக்கு வந்து சீப்பே உள்ள போகல."

"சரி, சரி. அது மட்டும் நாக்குல பட்டா தெரிஞ்சுடும்னு தோணுது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளோ கையிலிருந்த துணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனாருக்குக் கேக் சாமான்கள் விற்கும் கடையில் வேலை. அண்ணனுக்கு இளையவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். விஷயத்தைக் கேட்டதும் கையை விரித்தாள்.

"பஞ்சுமிட்டாய்ல என்ன இருக்கு அண்ணி? காத்தும் சர்க்கரையும். வாயில வச்சா காணாமப் போயிடும். எடை எங்க ஏறும்? அதே வாசனையில ஃபட்ஜ் செய்யுங்க, பர்பி மாதிரி. வெள்ளைச் சாக்லேட்டு, கண்டென்ஸ்டு மில்க், கொஞ்சம் வெண்ணெய். பாகு பதம் பாக்கிற வேலையே இல்ல. மெத்துனு இருக்கும், தொண்டையில வழுக்கிக்கிட்டு இறங்கும்."

சாயங்காலமே பஞ்சுமிட்டாய் வாசனை எசென்ஸ் பாட்டிலும் இரண்டு கலர் பாட்டிலும் கொண்டுவந்து வைத்தாள். "கலர் ரெண்டு சொட்டு போதும்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மனைவி அடிகனமான பாத்திரத்தைச் சின்னத் தீயில் ஏற்றினாள். சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கெட்டிப்பாலை ஊற்றி, வெண்ணெயைச் சேர்த்துக் கிளறினாள். கட்டியெல்லாம் கரைந்து, கரண்டியிலிருந்து நாடாபோல் வழியத் தொடங்கியதும் இறக்கினாள். எசென்ஸ் மூடியைத் திறந்ததுதான் தாமதம், சமையலறைக்குள் ஒரு பொருட்காட்சியே வந்து இறங்கியது. அந்த வாசனைக்கு அவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். மூக்கு இன்னும் அவர் பக்கம்தான் இருந்தது.

கலவையை இரண்டு கிண்ணமாகப் பிரித்தாள். ஒன்றில் ரோஸ் இரண்டு சொட்டு, ஒன்றில் நீலம் இரண்டு சொட்டு.

"என்னது இது, சோகை பிடிச்சவன் மாதிரி?" என்றார் அவர். "அந்த ரோஸ் இப்படியா இருந்தது? இன்னும் ரெண்டு சொட்டு விடு."

விட்டாள்.

"ஈரத்துல பாத்து ஏமாறாத. காஞ்சா வெளுக்கும். சுண்ணாம்பு அடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒரு பங்கு அதிகமாவே போடணும்."

"இது என்ன சுவரா?"

"சுவரோ மிட்டாயோ, கலருக்கு ஒரே நியாயம்தான். நீலத்துல ஒரு நாலு சொட்டு. ம். இன்னும். கிளறு. அந்தக் கரண்டியை இப்படி வெளிச்சத்துல காட்டு."

அவள் காட்டினாள். அவர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடையில் அவர் அப்படிப் பார்ப்பதை அவள் எத்தனையோ முறை கண்டிருக்கிறாள். நோய் வந்த பிறகு அன்றைக்குத்தான் மறுபடி கண்டாள். அந்தப் பார்வைக்காக அவள் பாட்டிலையே கவிழ்த்திருப்பாள். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தாள்.

தட்டில் எண்ணெய்த் தாள் விரித்து, ரோஸை ஒரு கரண்டி, நீலத்தை ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி ஊற்றி, கத்தி முனையால் ஒரு சுழி சுழித்தாள். கண்ணைப் பறிக்கும் அழகு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். ருசி பார்க்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை நோய்.

"உனக்கு இனிப்பு ஆகாது, எனக்கு இனிப்பு தெரியாது. நல்ல ஜோடி சேத்தான் ஆண்டவன்" என்று சிரித்தார் அவர்.

இறுகியதும் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாயில் போட்டு, கண்ணை மூடி, நாக்கால் மெல்ல உருட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"அதேதான்" என்றார்.

"நிஜமாவா?"

"இனிப்பு கொஞ்சம் தூக்கல். மத்தபடி அதேதான்."

அன்று மாலை கைகூப்பியபோது அவள் கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னாள். காஜா எடுத்த துணியை வாங்க வந்த தையல்காரரிடமும் சொன்னாள், தண்ணீர் கேன் கொண்டுவந்தவனிடமும் சொன்னாள். நாக்கு வந்துவிட்டது, இனி எடை தானே வரும்.

நாக்கு வந்தவருக்குக் கஞ்சி எதற்கு? கூழும் வடிகட்டியும் அலமாரிக்குப் போயின. அவருக்குப் பிடித்ததையெல்லாம் பழையபடி சமைத்தாள். அவர் தட்டைப் பார்த்து, "வாசனை தூக்குது" என்பார். இரண்டு வாய் எடுத்துவிட்டு, "மிட்டாய் சாப்பிட்டேன்ல, வயிறு நிறைஞ்சுபோச்சு" என்று தட்டைத் தள்ளுவார். அவளும் நம்பினாள். ஆசைப்படுகிறவளுக்கு நம்புவது எளிது. அவர் சட்டை தோளிலிருந்து இன்னும் கொஞ்சம் சரிந்ததை, துணியோடே புழங்குகிறவள் கவனிக்காமல் விட்டாள்.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு, வேலை முடிந்து வந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"எங்க அண்ணனை உயிர்ப்பிச்ச மிட்டாயை எனக்குக் கண்ணுல காட்டக் கூடாதா?"

அவளே தட்டைத் திறந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். போட்டவள் பேச்சை நிறுத்தினாள். முன்னறையில் அண்ணன் இருப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சமையலறைக்குள் போய்க் குழாயடியில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். தண்ணீர் ஊதா நிறத்தில் ஓடியது.

"அண்ணி," என்றாள் தணிந்த குரலில், "நீங்க இதை வாயில வச்சுப் பாத்தீங்களா?"

"எனக்குத்தான் ஆகாதே. ஏன்?"

"கசக்குது. வேப்பிலையை அரைச்சு விட்ட மாதிரி. கலர் அளவு மீறினா இப்படித்தான் ஆகும். எத்தனை சொட்டு போட்டீங்க?"

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நகத்தால் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதலில் இனித்தது. அடுத்த நொடி நாக்கின் அடியில் போய்க் கசப்பு உட்கார்ந்துகொண்டது. அதைத் துப்பத் தோன்றாமல் நின்றாள். நாக்கு உள்ள யாரும் இதை அதேதான் என்று சொல்லியிருக்க முடியாது.

நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள். "நான் அண்ணாகிட்ட ஒண்ணும் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். வாய் நீளமானவள் அன்று காட்டிய பெரிய தயவு, அந்த மௌனம்தான்.

அவள் முன்னறைக்கு வந்தபோது அவர் ஒரு துண்டை வாயில் போட்டுத் தண்ணீரால் தள்ளிக்கொண்டிருந்தார், மாத்திரை விழுங்குவதுபோல. இத்தனை நாளும் அப்படித்தான் விழுங்கியிருப்பார். இன்றைக்குத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது கசக்குதுங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். "அப்படியா" என்றார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ அன்னிக்குக் கையைத் துடைச்சுக்கிட்டு நின்ன நிலையில, வேற என்ன சொல்றது?"

"பொய் சொன்னா எடை ஏறுமா?"

"சொல்லிட்டுச் சும்மா இருந்தேனா? தினமும் தின்னேனே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகையாகிவிட்டது. அவர் கையை நீட்டி அவள் முழங்காலில் வைத்தார். மனைவியின் முகம் மலர ஒருவன் ருசி தெரியாததை இனிப்பென்று சொல்லித் தின்றால், அதைப் பாவக் கணக்கில் எழுதும் கடவுளை நான் அறியேன். ஆனால் தராசு அப்படியில்லை. அதற்குக் கண்ணும் இல்லை, மனசும் இல்லை.

அந்த இரண்டு நாளும் அவள் ஊசியைத் தொடவில்லை. கஞ்சி, கூழ், முட்டை அடித்த பால் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அவரும் சண்டை போடாமல் வாயைத் திறந்தார். விட்ட நாட்களை அள்ளி ஒரே கிண்ணத்தில் போட முடியுமா? இரண்டாம் நாள் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக்கொண்டே, அன்று சொன்ன நன்றியைத் திரும்பக் கேட்கவும் முடியாமல், புதிதாக வேண்டவும் வார்த்தை வராமல் நின்றாள்.

மருத்துவமனையில் நர்ஸ் அவரைத் தராசில் ஏறச் சொன்னாள். அவர் சட்டைப்பையிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டியபோது, "அது இருக்கட்டும் ஐயா" என்றாள் நர்ஸ். சின்னப் பெண். அந்தச் சாவியின் எடை அவளால் செய்ய முடிந்த உதவி. அது போதவில்லை. எண் குறைந்திருந்தது, கொஞ்சம் இல்லை, நிறையவே.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனியும் தள்ளிப்போட வேண்டாம்" என்று சொல்லி, இன்றைக்கே போட்டுவிடலாம் என்றார். கணவர் அவளைப் பார்த்தார். அது மட்டும் வேண்டாம் என்று அன்று சொன்ன அதே பார்வை. அவள் டாக்டரைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், கடைசியில் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, "நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றாள். வேறு எதையும் அவளால் கொடுக்க முடியவில்லை.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். துணைக்கு வந்திருந்த நாத்தனார் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். உள்ளே அவர் ஒருமுறை ஓங்கரித்தார். கட்டில் கிறீச்சிட்டது.

"அவ்வளவுதான் ஐயா, மூக்கைத் தாண்டிடுச்சு" என்றது நர்ஸின் குரல். "இப்ப தண்ணி தர்றேன். கொஞ்சம் கொஞ்சமா முழுங்கணும். நீங்க முழுங்க முழுங்க அது தானா இறங்கும். சரியா? முழுங்குங்க."

வெளியே அவள் விழுங்கினாள்.

"இன்னொரு வாய். முழுங்குங்க."

அவளும் விழுங்கினாள். வாய் வறண்டிருந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. நாத்தனார் அதைப் பார்த்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"முழுங்குங்க ஐயா. இன்னும் கொஞ்சம்தான். முழுங்குங்க."