இறக்கச் சொல்லாத கை

எமிலியானுசின் வலது தோள் இரவும் பகலும் உளைந்தது. ஏனென்றால் அந்தக் கை 2001 மார்கழியிலிருந்து மேலேயே நின்றது. தூக்கச் சொன்னவர் செலீன், கனடாவில் மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருந்த ஒரு சின்ன நகரசபையின் கிளாக்கர். கூட்டக் குறிப்பு எழுதுவது, தேர்தல் நடத்துவது, முத்திரையைப் பூட்டி வைப்பது, சனங்களிடம் சத்தியம் வாங்குவது அவருடைய வேலை. மட்டக்களப்பிலிருக்கும் மாக்கிரட் தன் மனைவிதான் என்று சத்தியம் பண்ண எமிலியானுஸ் போயிருந்தான். கலியாணப் பதிவு மாதா கோயிலோடு எரிந்துபோனது; சத்தியக் கடதாசி இல்லாமல் அவளுக்கு விசா இல்லை. செலீன் கையைத் தூக்கச் சொன்னார். ரெலிபோன் அடித்தது. எழுந்து போனவர் திரும்பவில்லை.

சோதனைச்சாவடிகளில் வளர்ந்தவன், தூக்கச் சொன்னவர் இறக்கச் சொல்லாமல் கையை இறக்கமாட்டான். கந்தோர் பூட்டும்வரை நின்றுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனான். தையில் நகரசபைகளை ஒன்றாக்கினார்கள். செலீனின் கவுண்டரே இல்லாமல் போயிற்று. பழைய சபை தொடங்கிய சத்தியத்தை முடிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது புதிய சபை. பிறகு அவனே இறக்கப் பார்த்தான்; கை இறங்கவில்லை. அறையில் கூட இருந்த கிரி அதில் தொங்கிப் பார்த்தான். கிரியின் கால்கள்தான் நிலத்தை விட்டு எழும்பின.

டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குள் பெட்டி வைக்கும் மேல்தட்டு துடைக்கும் வேலை உடனே கிடைத்தது. பிரெஞ்சு வகுப்பில் ரீச்சர் எல்லாக் கேள்விக்கும் அவனையே எழுப்பியதால், அவன் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் அவனைப்போல் பிரெஞ்சு கதைக்க ஆளில்லை.

"அண்ணை, ஊர்ச்சங்கக் கூட்டத்துக்கு மட்டும் வராதேங்கோ," என்றான் கிரி. "உங்கட கை எல்லாத்துக்கும் ஓம் எண்டுது."

மாக்கிரட் ரெலிபோனில் சிரிக்கவில்லை. "கை கிடக்கட்டும். நான் எப்ப வாறது?"

2006இல் நகரசபைகளைத் திரும்பப் பிரித்தார்கள். செலீன் பழைய கதிரையில் வந்து குந்தி, எதுவரை வந்தோம் என்று கேட்டு, அரை நிமிடத்தில் சத்தியத்தை வாங்கி முத்திரை குத்தினார்.

"கை, மேடம்?"

"தூக்கச் சொல்லத்தான் சட்டத்தில் இருக்குது, மிஸ்யூ. இறக்கச் சொல்ல ஒண்டுமில்லை."

அடுத்த வருடம் மாக்கிரட் வந்திறங்கினாள். தூரத்தில் தூக்கிய கையைக் கண்டு தானும் கை காட்டினாள். கிட்ட வந்து தோளை அமத்திப் பார்த்தாள். "சரி, நடவுங்கோ, குளிருது," என்று மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஈரத்துணி அந்தக் கையில்தான் காய்கிறது. பிள்ளைக்காக டொக்டரிடம் போனபோது, சில வருடம் முந்தி வந்திருக்கலாமே என்றார் அவர். அந்த நகரசபை மாக்கிரட்டுக்கு நாலு வருடக் குடித்தனமும் ஒரு பிள்ளையும் கடன்பட்டிருக்கிறது. இன்னும் தரவில்லை.