முப்பத்தெட்டாவது விமானம்

ஹால்பெக் எச்-14 ரக விமானம் மொத்தம் முப்பத்தேழு செய்யப்பட்டது என்று எக்கர்ட் ப்ரேம்கே 1972-ல் புத்தகம் போட்டார். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக அந்த முப்பத்தேழைக் காவல் காத்து வந்தார். ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு எண் தப்பினால் இரண்டு ரயில் முட்டிக்கொள்ளும் என்று பழகிப்போன மனுஷன்.

கீல் நகரத்துப் பல் வைத்தியர் டாக்டர் சீசெனிட்ஸ் மட்டும் முப்பத்தெட்டு என்றார். இருபத்தொன்றாம் எண் விமானம் 1932 பிப்ரவரிப் பட்டியலில் பி வகையாக இருக்கிறது. ஜூன் பட்டியலில் அதே எண் சி வகையாக வருகிறது. சி வகைக்கு என்ஜினும் வேறு, இறக்கையும் வேறு. நாலு மாதத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்ற அந்தச் சின்னத் தொழிற்சாலையால் முடியாது, ஆகவே ஒரே எண்ணில் இரண்டு விமானம் இருந்திருக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்சி. ப்ரேம்கே இதற்கு 114-ஆம் அடிக்குறிப்பில் ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தார்: 'மாற்றியமைக்கப்பட்டது.' அதற்கு மேல் யாராவது கேட்டால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றுவிடுவார்.

இந்த மாதிரி ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் நவம்பர் முதல் சனிக்கிழமை, ப்ரேம்கேயின் ஊரான ஓல்டன்பர்க்கில், ஒரு விடுதியின் பின்னறையில் கூடுவார்கள். கீரைக் கூட்டும் தொத்திறைச்சியும் மேஜைக்கு வருவதற்கு முன்னால் திருத்தங்கள் வாசிக்கப்படும். தப்பாக எழுதியவரே எழுந்து நின்று வாசிக்க வேண்டும். பக்கம், வரி, இன்னது என்பதை இன்னது என்று வாசிக்கவும். அவ்வளவுதான். காரணம் சொல்லக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தவரே ப்ரேம்கேதான். டாக்டரை எழுப்பி நிறுத்துவதற்காகவே கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த ரகசியம். டாக்டர் இதுவரை பதினொரு தடவை எழுந்திருக்கிறார். ப்ரேம்கே ஒரு தடவைகூட எழுந்ததில்லை.

1998 அக்டோபரில் கெசீனா ஹார்ம்ஸ் என்ற அம்மாள் கிழக்கே வெர்கினிலிருந்து மூன்று ரயில் மாறி அவர் வீட்டுக்கு வந்தார். அறுபத்தொன்பது வயது, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க அப்பா ஹின்ரிக் ஹார்ம்ஸ். எங்க ஊர் ஹால்பெக் தொழிற்சாலையில மெக்கானிக். எனக்கு மூணு வயசா இருக்கும்போது செத்துப்போயிட்டாரு. மோட்டார் சைக்கிள் விபத்துன்னு காகிதம் கொடுத்தாங்க."

"அடடா. நான் விமானம் மட்டும்தாம்மா பாக்கறது. மோட்டார் சைக்கிளுக்கு வேற ஆள் இருக்காங்க."

"எங்க அப்பாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க."

ப்ரேம்கே நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரோட வண்டியையோ எடுத்துக்கிட்டு லூபிட்ஸ் ரோட்ல போனாராம். லூபிட்ஸ்ல ஒரு பொம்பளை இருந்தாளாம், அவளப் பாக்கவாம். கிளப்பிவிட்டது மருந்துக்கடை டீட்கே. தொழிற்சாலைக்காரங்க எங்க அம்மாகிட்ட, வாயத் தொறக்க மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. அம்மா சாகற வரைக்கும் சந்தைக்கு கடை மூடற நேரத்துலதான் போகும். மிஞ்சின முட்டைக்கோஸ் தின்னே நான் வளர்ந்தேன்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் காலம் மூடிவிட்டிருந்தது. பேசினவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்து, டீட்கே ஒருத்திதான் பாக்கி. தொண்ணூற்று மூன்று வயது, முதியோர் இல்லத்தில் இருக்கிறாள்.

"காது சுத்தமா கேக்காது. கண்ணு மட்டும் பருந்துக் கண்ணு. அதனால எனக்கு உண்மை அச்சுல வேணும். அவ போறதுக்குள்ள" என்றார் கெசீனா. பிறகு பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே இருந்தது உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு. விமானம் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை அடிக்கிற பெயர்த்தகடு. ஹால்பெக் எச்-14, வகை பி, எண் 21. அம்மாவின் தையல் பெட்டியில் அடியில் கிடந்ததாம். அப்பாவின் கூட்டாளி ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

ப்ரேம்கே குனிந்து எண்ணை இரண்டு தடவை படித்தார். ஆனாலும் அடிக்குறிப்பு 114 அவர் வாயில் தயாராக இருந்தது.

"இதுல ஒண்ணும் இல்லைம்மா. பி வகையை சி வகையா மாத்தும்போது பழைய தகட்டைக் கழட்டிடுவாங்க. அதை யாராவது எடுத்து வச்சிருப்பாங்க."

கெசீனா தகட்டைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் விமானத்தின் தகரம் ஒரு துண்டு ஆணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துணி கிழிந்த மாதிரி கிழிந்து, ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"கழட்டினவன் இப்படியா கழட்டுவான்?"

"பாத்து எழுதறேன்" என்றார் ப்ரேம்கே.

"என் ரயில் ஆறு மணிக்குத்தான். உக்காந்திருக்கேன், பாருங்க."

ப்ரேம்கேயின் மனைவி ஆல்முட் காப்பியும் பிளம் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். "நல்லா சாப்பிடுங்கம்மா. இந்த வீட்ல முப்பத்தேழுன்னு ஒருத்தர் குடியிருக்கார். எனக்கு மாமியார் மாதிரி. அவரை எதிர்த்துப் பேச வீடு தேடி வந்த முதல் ஆள் நீங்கதான்."

ப்ரேம்கேயிடம் அட்டைப் பெட்டிகள் நூற்று நாற்பது இருந்தன. விமான அட்டைகள் அறைக்குள்ளே, மனுஷ அட்டைகள் நடையில். விமானம் வேறு, ஆள் வேறு என்பது அவர் கொள்கை. இரண்டையும் கலந்தால் ஆராய்ச்சி கெடும் என்று நம்பியவர், அதனால் ஒருநாளும் இதை அதோடு வைத்துப் பார்த்ததில்லை. கெசீனா கொடுத்த காகிதத்தில் அப்பா இறந்த தேதி 1932 மார்ச் 14. அந்தத் தேதிக்கு விமானப் பெட்டியில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று அவருக்கே தெரியும். அப்போது ஜெர்மனி போர் விமானம் செய்யக் கூடாது என்று தடை இருந்தது. ஹால்பெக் தபால் விமானம் என்று பெயர் போட்டுச் செய்துகொண்டிருந்தது. தபாலுக்குக் குண்டு மாட்டுகிற கொக்கி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இல்லாத விமானம் எப்படி விழும்?

கடைசியில் நடைக்குப் போய் மனுஷப் பெட்டியைத் திறந்தார். ஹால்பெக்கில் சோதனை விமானி லூடர் கோப் என்று ஒருவர் இருந்தார். அட்டை ப்ரேம்கேயின் கையெழுத்தில், 1969-ல் எழுதியது. '14.3.1932. லூபிட்ஸ் ஏரியில் பாய்ப் படகு கவிழ்ந்து மரணம்.'

ஆல்முட் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மார்ச் மாசம் அந்த ஏரி கல்லு மாதிரி உறைஞ்சில்ல கிடக்கும்? பனிக்கட்டி மேலயா படகு விட்டாரு?"

ஒரே நாள், ஒரே தொழிற்சாலை. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் மோட்டார் சைக்கிளில் செத்தார், உறைந்த ஏரியில் ஒருவர் மூழ்கிச் செத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். விழுந்த விமானத்தின் எண்ணை அடுத்து வந்த விமானத்துக்குக் கொடுத்துக் கணக்கை நேராக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் இருபத்தொன்பது வருஷமாகத் தன் வீட்டு நடையில் இருந்திருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகம் காப்பகமாக நெய்க்கு அலைந்திருக்கிறார். ப்ரேம்கேக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அதிகம் வெட்கப்பட்டவர் இல்லை என்பதால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"டாக்டர் சிரிப்பாரே" என்றார்.

"சிரிக்கட்டுமே. ஒரு சாயங்காலம் சிரிப்பார். அந்தம்மா வீட்டைப் பாத்து ஊரு அறுபத்தாறு வருஷம் சிரிச்சிருக்கு" என்றாள் ஆல்முட்.

நவம்பர் முதல் சனிக்கிழமை பின்னறையில் நாற்பது பேர் இருந்தார்கள், கெசீனா சுவரோரமாக. திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் பழக்கத்தில் டாக்டரைத்தான் பார்த்தார்கள். நாற்காலி நகர்கிற சத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"பக்கம் 112, வரி 9" என்றார் ப்ரேம்கே. "முப்பத்தேழு என்பதை முப்பத்தெட்டு என்று வாசிக்கவும். அடிக்குறிப்பு 114 நீக்கப்படுகிறது. பக்கம் 113, இழப்புப் பட்டியலில் சேர்க்கவும்: எச்-14 பி, எண் இருபத்தொன்றில் முதல் விமானம். 1932 மார்ச் 14 அன்று சோதனைப் பறப்பில் விழுந்து எரிந்தது. இறந்தவர்கள், விமானி லூடர் கோப், மெக்கானிக் ஹின்ரிக் ஹார்ம்ஸ். இருவரும் பணியில் இருந்தார்கள்."

காரணம் சொல்லக் கூடாது. அதனால் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சீசெனிட்ஸ் மெதுவாக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்த நாளைக்குன்னு இருபத்தாறு வருஷமா ஒரு வசனம் வச்சிருந்தேன், ப்ரேம்கே. பாருங்க, மறந்துபோச்சு." பிறகு கெசீனா பக்கம் திரும்பினார். வட்டத்தின் இதழை அச்சடிப்பது அவர்தான். "அச்சுல வேணும்னீங்களாமே. எவ்வளவு பெருசா?"

டிசம்பர் இரண்டாம் வாரம் கெசீனாவும் ப்ரேம்கேயும் வெர்கின் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இருபது கிழவர் கிழவிகள் உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள். கெசீனா இதழை டீட்கேயின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

டீட்கே கண்ணாடி போடாமலே படித்தாள். படித்துவிட்டு சூப்பை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"விழுந்தது எனக்குத் தெரியாதாடி? ஊருக்கே சத்தம் கேட்டுச்சு. எங்க கடை ஜன்னல் கண்ணாடியே உதிர்ந்துபோச்சு. மோட்டார் சைக்கிள்னு சொல்லணும்னு தொழிற்சாலைக்காரன் வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனான். உங்கப்பன் மோட்டார் சைக்கிள் ஓட்டினான்னா எவன் நம்புவான்? அதான் ஒரு பொம்பளையைச் சேர்த்தேன். அப்புறம் நம்பினாங்க."

ப்ரேம்கே அட்டையும் பென்சிலும் எடுத்தார். நேரில் கேட்ட சாட்சி, அவருக்குக் கிடைத்த முதல் சாட்சி. ஆனால் கை எழுதவில்லை. கெசீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையையும் பென்சிலையும் மேஜைமேல் வைத்துவிட்டார்.

கெசீனா அந்தப் பென்சிலை எடுத்து, அந்த அட்டையில் ஒரு வரி எழுதி, டீட்கேயின் முன்னால் தள்ளினார். 'எழுந்து நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க' என்று கையால் காட்டினார்.

"இல்லடி, அந்தக் காலத்துல நிலைமை என்னன்னா..."

கெசீனா அட்டையைத் திரும்ப வாங்கி, கீழே இன்னொரு வரி சேர்த்துக் கொடுத்தார். 'காரணம் சொல்லக் கூடாது.'

டீட்கே அதைப் படித்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஸ்பூன் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ப்ரேம்கே நாற்காலியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். மேஜையைப் பற்றிக்கொண்டு அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. காது கேளாதவர்களின் பெருங்குரலில் வாசித்தாள்.

"லூபிட்ஸ் பொம்பளை என்பதை, விமானம் என்று வாசிக்கவும்."