ஆறாவது தோட்டா

எங்கள் வீட்டில் இடி இடித்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு "சேசு, மரி, சூசை" என்று சொல்ல வேண்டும். அம்மா உயிரோடு இருந்தபோது பழக்கியது. அப்பாவின் ரிவால்வரைப் பிடித்தபோதும் நான் அதையே சொன்னேன். 'சூசை' என்னும்போது விசையை இழுப்பேன். ஒரு குண்டுகூட மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தொடவில்லை.

அப்பா இராயப்பன் கெலுகோர் தென்னந்தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி; சம்பளப் பணத்துக்குக் காவலாகத்தான் அந்த ரிவால்வர். இனி வாரம் மூன்று நாள் நிபோங் திபால் தோட்டத்தையும் பார்க்கவேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து வந்த அண்ணன் மைக்கேல், "மார்த்தா தனியா இருக்கக் கூடாது. பட்டர்வொர்த்துக்கு அனுப்பிடுங்க" என்றான்.

பட்டர்வொர்த்தில் அமலம்மாள் அத்தைக்கு ஏழு பிள்ளைகள். அங்கே போன அக்னஸ் அக்கா நான்கு வருஷம் துணி துவைத்தாள். நான் போக மாட்டேன் என்றேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியபோதுகூட வாய் திறக்காதவள் நான்.

அப்பா என்னையே பார்த்தார். "இருபது தப்படி. ஆறு தோட்டா. மூணு தகரத்துல பட்டா நீ இங்கேயே இரு. அடுத்த ஞாயிறு பாக்கலாம்."

அன்று சாயங்காலம் சுட்டுப் பழகியபோது ஒரு தோட்டா நமுத்துப்போய் வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் தரையைப் பார்த்துக் குனிந்தது.

"துப்பாக்கி வெடிக்கல லா, நீதான் வெடிச்சிட்டே" என்று மைக்கேல் சிரித்தான்.

சிரிக்கட்டும். சத்தம் என் கையைத் தள்ளவில்லை. சத்தம் வருமுன்னே கை பயந்து குனிகிறது. 'சூசை' எப்போது வரும் என்று அதற்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து காலி ரிவால்வரைச் சுவருக்கு நேரே பிடித்தேன். குழலின் மேல் அம்மாவின் மாதா பதக்கத்தை வைத்தேன். ஜெபம் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, விசையை மெல்ல மெல்ல அழுத்தினேன், சுத்தியல் எப்போது விழும் என்று எனக்கே தெரியாதபடி. திங்கட்கிழமை பதக்கம் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. வெள்ளிக்கிழமை விழவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தையே வந்து என் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். மைக்கேல் தோட்டா போட்டுக் கொடுத்தான். முதல் குண்டு தவறியது. இரண்டாவதும் நான்காவதும் பட்டன. மூன்றாவதும் ஐந்தாவதும் மேலே போயின. ஆறாவதற்கு 'டிக்' என்றது. குழல் அசையவில்லை.

"ரெண்டுதான். கெளம்பு" என்றான் மைக்கேல்.

ரிவால்வரைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். ஐந்து துளைகளில் வெடித்த தோட்டாக் கூடுகள்; ஆறாவது துளை வெறுமையாக இருந்தது.

"ஆறுன்னு சொன்னீங்கப்பா. அஞ்சுதான் இருக்கு."

"சும்மா வெளையாட்டு லா. இவ குனியறதை அத்தைக்குக் காட்டலாம்னு..."

"குனிஞ்சேனா அண்ணே?"

அவன் தென்னைமரத்தைப் பார்த்தான். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நானே போட்டேன்.

எப்போது வெடித்தது என்று எனக்குத் தெரியாது. தகரம் கல்லிலிருந்து உருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு "சேசு, மரி, சூசை" என்றாள்.

நான் உள்ளே போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தேன்.