பிறந்த வீட்டுக் கோடி

கூறைச்சேலையின் கொய்யக மடிப்பு மறுபடியும் கழன்று போனது. யோகா பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள். நிற்கிற ஆளுக்குச் சேலை உடுத்துவது வேறு, செத்துப் படுத்திருக்கிற அம்மாவுக்கு உடுத்துவது வேறு. இடுப்பைத் தூக்கிப் பிடிக்க அப்பாவின் தங்கை சந்திரகலா மாமிதான் துணை. செத்தவீட்டு முறைகளில் மாமியை மீறி மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் ஒரு பிணமும் எரிந்ததில்லை.

"எல்லாம் சரி பிள்ளை, பிறந்த வீட்டுக் கோடிக்கு என்ன செய்யிறது?" என்றாள் மாமி. "பொம்பிளை செத்தால் பிறந்த வீட்டுப் புதுச்சேலை மேல விழ வேணும். கொம்மாவுக்கு ஆர் கொண்டுவரப் போகினம்?"

யோகாவுக்கு எரிச்சல் வந்தது. அம்மாவின் பிறந்த வீடு என்ன யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலா இருக்கிறது? ஐரோப்பாவில் அது ஒரு சின்ன அரசு. முதல் உலகப் போரோடு முடியும் போய், நாடும் போய், அம்மாவின் தகப்பன் ஏரிக்கரை வீடொன்றில் வெறும் அரச பட்டத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். அவருடைய மகள் எலெனோரா, லண்டனில் படிக்க வந்த யாழ்ப்பாணத்து மகேந்திரராஜாவைக் கட்டியதும் அந்த வீடும் அவளுக்கு இல்லாமல் போனது. கொழும்பில் மாமியாருக்குப் பிட்டு அவிக்கப் பழகினாள். எண்பத்து மூன்று கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டைக் கொளுத்தினார்கள். மெல்பேர்ணுக்கு ஓடிவந்து, டண்டினொங்கில் ஒரு லோண்டரியில் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். கூட வேலை செய்தவர்கள் அவள் நடையைப் பார்த்துப் பகிடிக்கு 'பிரின்ஸஸ்' என்பார்கள். அது உண்மை என்று ஒருத்திக்கும் தெரியாது.

அந்த வேலை அம்மாவை உறுத்தவில்லை, அப்பாவைத்தான் தின்றது. அவள் கையில் சூடு பட்டு வந்த நாட்களில் அவர் சாப்பிடாமல் படுத்துவிடுவார். இப்போதும் ஃபியூனரல் பார்லரின் மூலைக் கதிரையில் அப்படித்தான் சுருண்டு இருந்தார்.

ஃபெலிக்ஸ் உள்ளே வந்தார். அம்மாவின் தமையனுடைய மகன். அம்மாவுக்கு வருத்தம் கடுமை, ஆள் தப்பாது என்று யோகா அறிவித்ததும் பறந்து வந்து, கடைசி நாட்களில் கட்டிலடியிலேயே இருந்த மனிதர். கையிலிருந்த துணியை விரித்து அம்மாவின் மேல் போர்த்தினார். நீலமும் வெள்ளையுமான அரச குடும்பக் கொடி, நடுவில் பொன்னூலில் ஒரு மான்.

"கோடி வந்திட்டுது," என்றாள் மாமி. அவள் கண் கலங்கிவிட்டது.

ஃபெலிக்ஸ் அப்பாவிடம் போய் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் குடும்பக் கல்லறை மண்டபத்தில் அத்தைக்கு இடம் இருக்கிறது. நான் கொண்டுபோகிறேன். ஆனால் கல்லில் அவருடைய பிறந்த வீட்டுப் பெயரை மட்டும்தான் வெட்டலாம். அரச குடும்பத்துக்கு வெளியே செய்த கலியாணத்தை எங்கள் வீட்டு விதி ஏற்பதில்லை. உங்கள் பெயரோ மகளின் பெயரோ வராது. மன்னிக்க வேண்டும்."

"கொண்டுபோங்கோ," என்றார் அப்பா.

யோகா சட்டென்று திரும்பினாள். "என்னப்பா கதைக்கிறியள்? இண்டைக்கு எரிக்கிறதெண்டுதானே முடிவு? கலியாணமே கட்டாத ஆள் மாதிரி அம்மா அங்க கிடக்கிறதோ? அப்ப நான் ஆர்?"

"பிள்ளை, கோடி போட்டவைக்கு உரிமை இருக்கு." அப்பா நிமிரவில்லை. "கடைசி மாசம் அவ எங்களோட ஒரு சொல்லுத் தமிழ் கதைச்சவவோ? இங்கிலிஷும் இல்லை. தன்ர பாஷையிலதானே அழுதவ. பிறந்த வீட்டுக்குப் போகத்தான் கேட்டிருக்கிறா. நான் கூட்டிக்கொண்டு வந்து லோண்டரியில விட்டனான். இதையாவது குடுக்கிறன்."

அம்மா ஒரே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கெஞ்சியது உண்மைதான். ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா, ஓம்" என்று சொல்லிக் கையைப் பிடித்திருந்தவள் யோகாதான். அந்தப் பாஷை விளங்கிய ஒரே ஆள், ஃபெலிக்ஸ், முன்னால் நிற்கிறார். கேட்டு, அப்பா சொன்னதே சரி என்றாகிவிட்டால் அம்மா கையை விட்டுப் போய்விடலாம்.

அந்தப் பயத்தோடேயே கேட்டாள். "அம்மா என்ன கேட்டுக்கொண்டிருந்தா, ஃபெலிக்ஸ்?"

அவர் தரையைப் பார்த்தார். "சொல்வது சரியா என்று தெரியவில்லை. அத்தை தன் அப்பாவோடு, இறந்துபோன என் தாத்தாவோடு, பேசிக்கொண்டிருந்தார். 'வாசல் கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள், அப்பா. அவர் மழையில் நிற்கிறார். அவருக்கு இடமில்லை என்றால் எனக்கும் வேண்டாம்.' கடைசிவரை அதே பேச்சுத்தான்."

அப்பா நிமிர்ந்தார்.

"கலியாணம் முடிஞ்ச கையோட ஒருக்கா அவவின்ர அப்பா வீட்டுக்குப் போனனாங்கள்," என்றார். "என்னைக் கேட்டடியில மறிச்சுப்போட்டினம். சரியான மழை. அவ உள்ளுக்குப் போயிட்டு வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டா. வேற ஒண்டும் சொல்லேல்லை. நான் கேக்கவுமில்லை. என்னைக் கட்டினதுக்குத் துக்கப்படுறா எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்."

எழுந்து போய்க் கொடியின் ஒரு நுனியைத் தூக்கினார். யோகா மறு நுனியைப் பிடித்தாள்.

"அண்ணை, போட்ட கோடியைத் திருப்பிக் குடுக்கிறேல்லை," என்று மாமி தடுத்தாள். "அது பிறந்த வீட்டையே அறுத்து விடுற மாதிரி."

"தெரியும்," என்றார் அப்பா.

இருவருமாக அதைச் சேலை மடிப்பதைப்போல மடித்தார்கள். அப்பா அதை ஃபெலிக்ஸின் கையில் வைத்தார். "கொண்டுபோங்கோ. இவ எங்களோட." ஃபெலிக்ஸ் வாதாடவில்லை. கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக விலகி நின்றார்.

பார்லர்காரர் வந்து, பெட்டியை மூடலாமா என்று கேட்டார். அப்பா கையால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அம்மாவின் காதடியில் குனிந்தார்.

"நோரா," என்றார். "நான் நனையேல்லை."

பிறகு நிமிர்ந்து பார்லர்காரருக்குத் தலையசைத்தார்.