ஈஸ்வரியின் சடை

தட்டி மறைப்புக்குள் பெஞ்சில் கிடத்தியிருந்த அக்கா ஈஸ்வரியின் தலைமாட்டில் நின்று, வானதி கிண்ணத்து எண்ணெயை முழுவதும் ஊற்றினாள். பின்னந்தலையில் தேங்காய் மட்டை போல இறுகிக் கிடந்த சடை அத்தனையையும் குடித்துவிட்டு மறுபடியும் காய்ந்தே இருந்தது.

“இன்னுங்கொஞ்சம் எண்ணெ குடுங்க அத்தை.”

ஈஸ்வரியின் மாமியார் கண்ணாத்தாள் வேப்பிலைக் கொத்தோடு நின்றிருந்தாள். “தலையில கைய வைக்காதன்னு சொன்னேன்ல. ஒடம்புக்குத் தண்ணிய ஊத்தி மஞ்சளப் பூசு, போதும். ஆத்தா இருந்த தலை அது.”

“அக்காவுக்குச் சீவி விட்டுர்றேன்.”

“வெளிய பாடையக் கட்டிட்டு ஆம்பளைங்க நிக்கிறாங்க.”

“நிக்கட்டும் அத்தை.”

அந்த வீட்டில் வானதி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அம்மா வள்ளியம்மை பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய், எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து மகளிடம் கொடுத்தாள்.

சின்ன வயதில் ஈஸ்வரிதான் வானதிக்குத் தலை சீவுவாள். ஒரு கையால் முடியின் வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுப்பாள். இழுப்பதே தெரியாது. அவள்தான் மகள் சுடர்விழி பிறந்த பிறகு சீப்பை மறந்துபோனாள். சுவரைப் பார்த்துப் படுத்தால் பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கமாட்டாள். நடவு வயலில் நாற்று முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பாள்.

“எனக்குந்தான் நாலு பொறந்துச்சு. நான் படுத்துக் கெடந்தேனா?” என்று கண்ணாத்தாள் பாத்திரங்களை உருட்டினாள்.

அக்காவின் கணவர் மதிவாணன் அவளை மன்னார்குடிக்கு அழைத்துக்கொண்டு போனார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு மனதில் வருகிற நோய், சோம்பேறித்தனம் இல்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள், தனியாக விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மாத்திரையில் ஒரு அட்டைதான் தீர்ந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஈஸ்வரியின் பின்னந்தலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அடியாத்தீ, சடை விழுந்திருக்கே. ஆத்தாள்ல வந்து உக்காந்திருக்கா.”

அன்றோடு திட்டு நின்றது. சாப்பாடு வேண்டாமென்றால் விரதம் என்றார்கள். பேசாமலிருந்தால் மௌனம் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவளை மணையில் உட்காரவைத்துச் சடைக்கு மஞ்சள் தடவிச் சூடம் காட்டினார்கள். ஆத்தா இருக்கிற உடம்பில் மருந்து ஏறக் கூடாது என்று கண்ணாத்தாள் மீதி மாத்திரையைக் குப்பையில் கொட்டினாள். மதிவாணன் பார்த்துக்கொண்டு நின்றார்.

தை மாதம் பார்க்க வந்தபோது வானதி கேட்டாள். “ஒனக்கு என்னக்கா பண்ணுது?”

ஈஸ்வரி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “பாப்பா அழுவுறது பக்கத்து வீட்ல யாரோ அழுவுற மாதிரி கேக்குது வானதி.”

குறி கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தன் பேரனுக்குத்தான் ஏதோ வரப்போகிறது என்று மந்திரிக்க ஓடினாள்.

கடைசியில் காய்ச்சல் வந்தது. அதற்கும் வேப்பிலைதான் பரப்பினார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, “எவ்வளவு நாளா சாப்புடல இவங்க?” என்று அங்கே கேட்டார்கள்.

வானதி சடையின் ஓரத்தில் சீப்பின் முனையைக் கொடுத்து நெம்பினாள். இரண்டு இழை வந்தது. எண்ணெயை ஊறவைத்து விரலால் பிரித்தாள். இன்னும் கொஞ்சம் வந்தது. பழக்கத்தில் இடது கை வேரைப் பிடித்திருந்தது, அக்காவுக்கு வலிக்கும் என்பது போல. நடுவில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. நகத்தால் கிளறி எடுத்தாள்.

ஒரு கிளிப். சிவப்புப் பட்டாம்பூச்சி, ஒரு சிறகு உடைந்திருந்தது.

சுடர்விழிக்குக் காது குத்திய அன்று வானதிதான் அதை அக்காவின் தலையில் போட்டுவிட்டாள். “கழட்டாதக்கா, நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அந்தத் தலையில் மஞ்சள் பட்டது, குங்குமம் பட்டது. ஒரு சீப்பு படவில்லை.

“அத்தை, இதச் சுத்தித்தான் சிக்கு விழுந்திருக்கு.”

கண்ணாத்தாள் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று வானதி காத்திருந்தாள். தெருவில் பறைச் சத்தம் எழுந்தது. கண்ணாத்தாள் கையை நீட்டிக் கிளிப்பை வாங்கி, முந்தானையால் துடைத்தாள்.

“இது ஆத்தா ஏத்துக்கிட்ட பொருளுடி,” என்றாள். “யாராவது கத்தரிக்கோல எடுத்துட்டு வாங்க. சடை நெருப்புல வேவப்படாது.”

“வேணாம் அத்தை. இன்னுங்கொஞ்ச நேரம். வந்துரும்.”

யாரோ வானதியின் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். கத்தரி அந்த முடியில் நறநறவென்று இறங்கியது. பித்தளைத் தட்டில் சடையை வைத்து, பக்கத்தில் கிளிப்பை வைத்து, இரண்டுக்கும் குங்குமம் இட்டார்கள். வள்ளியம்மை பூச் சரத்தோடு வந்தாள். செருக முடியில்லாமல் அதை மகளின் காதோரம் வைத்தாள். பிறகு தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தட்டிக்கு வெளியிலிருந்து மதிவாணனின் குரல் கேட்டது. “சீவிட்டியா வானதி?”

அவள் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பாடை வாய்க்கால் கரையோடு போய் மறைந்தது. வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சாமி அறையிலிருந்து சூடத்தின் வாசம் வந்துகொண்டிருந்தது. சுடர்விழி தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நடந்தாள்.

“பின்னாடி பாரு அண்ணி,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “புள்ள தலையிலயும் சிக்கு விழுது.”

கண்ணாத்தாள் திரும்பிப் பார்த்தாள். அவள் கை மெதுவாகக் கன்னத்தை நோக்கி எழுந்தது.

வானதி எழுந்து போய்க் குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். சீப்பு அவள் இடுப்பிலேயே இருந்தது.

“வலிக்குது சித்தி.”

“வலிக்காது. அசையாம இரு.”

இடது கையால் வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீவத் தொடங்கினாள்.