நிற்க வேண்டிய இதயம்

இதயம் நின்றுவிடக் கூடாதே என்றுதான் ஊரெல்லாம் வேண்டிக்கொள்ளும். கமர் ஜஹானின் கவலையோ நேர்மாறானது. கண்ணாடிக் குவளையில் தொங்கிய கெளுத்தி மீனின் இதயம் நின்று தொலைய மாட்டேன் என்றது.

மீனின் இதயத்தசைக்கு உள்ளே சேமிப்பு குறைவு, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து கால்சியம் வந்தாக வேண்டும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. கால்சியம் இல்லாத உப்புநீரில் தொங்கவிட்டால் அது அடங்கிவிட வேண்டும். இதயத்தில் கட்டிய நூல் ஒரு முள்ளை இழுக்கும். முள், கரிபூசிய உருளையில் ஏறி இறங்கிக் கோடு போடும். அவள் தனியாக இருந்தால் கோடு சமர்த்தாகப் படுத்துவிடும். பேராசிரியர் கருணாகரன் வந்து அதையும் இதையும் தொட்டுப் பார்த்தபடி நின்றால் எழுந்து ஆட ஆரம்பித்துவிடும்.

"என் மேல மீனுக்கு என்ன பாசமோ!" என்று முதலில் வெற்றிலை வாயோடு சிரித்தார். போகப்போக அந்தச் சிரிப்பும் நின்றது. "நாளைக்குத் தேர்வாளர் வர்றார். அவர் முன்னாலயும் துடிச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. மொதல்லேருந்து ஆரம்பிச்சுக்க."

மொதல்லேருந்தாம்! சொல்ல அவருக்கென்ன? வாணியம்பாடி மாப்பிள்ளை வீட்டார் இப்போதே கல்யாணத் தேதி கேட்டு நச்சரிக்கிறார்கள். இன்னும் சில வருஷம் என்றால் படிப்புக்கு முழுக்குத்தான். தண்ணீரை மாற்றினாள், உப்பை மாற்றினாள், கை தோல் உரிகிற வரை குவளைகளைக் கழுவினாள். சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனாள்.

மறுநாள் காலை, ராயப்பேட்டை வீட்டில் அம்மா ஹாஜிரா பீ வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து வாயில் போட்டு, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை வழக்கம்போல் கதவு நிலையில் இழுவினாள். கமர் அந்த விரலையே பார்த்தாள். துடைத்த பிறகும் நகக்கண்ணில் வெள்ளை இருந்தது. சுண்ணாம்பு என்பது கால்சியம்தானே!

"இன்னாடி, டீ ஆறிக்கினு கீது!" என்று அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

அடையாறு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வாளர் தனபாலன் வந்து உட்கார்ந்திருந்தார். பேராசிரியரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. அவர் வழக்கமாக நிற்கும் பக்கம் மேசையின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு குவளைகளில் இரண்டு இதயங்களைத் தொங்கவிட்டாள்.

இரண்டும் தளர்ந்தன, சிறிது நேரத்தில் நின்றன. தனபாலன் தலையசைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். கருணாகரனுக்குத்தான் கை சும்மா இருக்காதே. "நூல் தொய்ஞ்சிருக்கு" என்று குவளைக்குள் விரலை விட்டு இதயத்தின் முடிச்சை இறுக்கினார். முள் லேசாக நடுங்கியது. அப்புறம் ஏறி இறங்கத் தொடங்கியது.

"பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன்" என்றார் தேர்வாளரிடம். குரலில் வருத்தம்தான் இருந்தது.

கமர் அவருடைய ஈர விரலைப் பார்த்தாள். இவரை மட்டம் தட்டிவிட்டு இதே அறையில் எப்படி இருப்பது? சொல்லாமல் போனால் இந்த அறையே இல்லை.

"சார், அந்த விரலை அடுத்த குவளையிலயும் கொஞ்சம் நனைக்கிறீங்களா? இதயத்தைத் தொடாதீங்க. தண்ணியில மட்டும்."

புரியாமல் நனைத்தார். செத்துக் கிடந்த இரண்டாவது கோடும் எழுந்து ஆடியது.

"வெத்தலை போடுவீங்களா சார்?" என்று கேட்டார் தனபாலன்.

கருணாகரன் தன் விரலைப் பார்த்தார். வெற்றிலையில் சிவந்த உதட்டைத் துடைத்துக்கொண்டார். கமருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. கருணாகரன் ஜிப்பாப் பையிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார், வெளியே ஜன்னல் கட்டையில் வைத்தார், திரும்பி வந்து சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"இன்னொண்ணு தொங்கவிடும்மா. நான் கிட்ட வரல."

மூன்றாவது இதயம் தளர்ந்தது, நின்றது. உருளை சுற்றச் சுற்றக் கோடு நேராக ஓடியது. தேர்வாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கமர் பேராசிரியரைப் பார்த்தாள். கோடு நீள நீள, அவர் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் இறுகக் கோத்துக்கொண்டு நின்றார். அந்த விரல்கள் மட்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன.